கடல் தெரு, கொக்குமுடி

கொக்குமுடி எஸ்டேட்டுக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கொழுந்து எடுக்கும் நாள் என்பதால் நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பள்ளத்தாக்கில் எப்போதும்போல மூடுபனி கிடந்தது. வெயில் ஏற ஏற எப்போதும்போலக் கலைந்தது. கலைந்த பிறகு பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காடும் அதற்குக் கீழே ஓடையும் இருக்கவேண்டிய இடத்தில் நீலமாய், அகலமாய், மறுகரை தெரியாமல் தண்ணீர் கிடந்து, தேயிலைச் செடிகளின் முதல் வரிசையை நக்கிவிட்டுப் பின்வாங்கி, மறுபடி வந்து நக்கிக்கொண்டிருந்தது. முதுகில் கூடையோடு இறங்கிய பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவள் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள்.

"உப்பு," என்றாள்.

அந்தச் சொல் கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிப் பெண் வரை போயிற்று. வேலை வாங்குகிற பீல்டு ஆபீசர் ஜெபராஜ், விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பன்னிரண்டு இன்னைக்குக் கிடையாது, பதினொண்ணுக்குப் போங்க," என்றார். போனார்கள்.

வசுமதி அதை, கொழுந்து எடுக்கும் பேச்சித்தாய்க்கு எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டின் வாசலில், பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள். வாயைக் கொப்பளித்தாள். உள்ளே போய்த் தன் பையைத் திறந்தாள்.

அவள் மதுரைக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், மலைகளை மட்டும் படம் பிடிப்பவள். அவளுடைய கேமரா மரத்தால் ஆனது. விரித்தால் ஆர்மோனியப் பெட்டிபோல நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல் நீளும். பின்பக்கம் தேய்த்த கண்ணாடி ஒன்று. தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு அதில் பார்த்தால் மலை தலைகீழாகத் தொங்கும். ஒரு படத்துக்கு ஒரு தாள் பிலிம், ஏறக்குறைய தபால் அட்டை அளவு. அந்தத் தாள் வெளிச்சம் படாமல் ஒரு தட்டைப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியை மூடுகிற தகட்டின் விளிம்பு ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே இருப்பது வெளிச்சம் பார்க்காத தாள். படம் எடுத்தவுடன் தகட்டைத் திருப்பிச் செருகிக் கறுப்பை வெளியே காட்டவேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது மூச்சு விடுவதைப் போன்றது. யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதனால்தான் எப்போதாவது ஒருநாள் தவறிவிடுகிறது.

கொக்குமுடி என்பது எஸ்டேட்டுக்குக் கிழக்கே நிற்கும் சிகரம். வெள்ளைப் பாறை. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குபோல இருக்கும். வருஷத்தில் பெரும்பாலும் மேகத்துக்குள் நிற்பதால் அதை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் அதை ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. வசுமதி ஒவ்வொரு தை மாதமும் வந்து, பேச்சித்தாயின் பின்னறையில் தங்கி, விடியும்போது தட்டைப்பாறைமேல் கேமராவை நிறுத்தி, மேகம் விலகக் காத்திருந்து, விலகாமல், அடுத்த தைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். தலைமயிர் நரைத்ததே அந்தப் பாறைமேல்தான் என்று சொல்லலாம். இந்தத் தடவை, கடல் வருவதற்கு முந்தின நாள் காலையில், மேகம் திரைபோல விலகியது. கொக்கு முழுசாக நின்றது. வசுமதி வெள்ளை விளிம்பு தெரிந்த பெட்டி ஒன்றை எடுத்துச் செருகிப் படம் பிடித்தாள். மேகம் மூடிக்கொண்டது. இத்தனை வருஷத்துக்கும் அந்த ஒரு தாள்தான்.

இப்போது பையிலிருந்த பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. மலைக்கு வருமுன் நண்டுத்துறை என்ற மீனவ ஊரில் இறங்கி, சும்மா, ஆளில்லாத கடலை ஒரு படம் எடுத்திருந்தாள். எடுத்து முடித்த கையோடு காற்று கறுப்புத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போக, தகட்டை அவசரமாகச் செருகிவிட்டு மணலில் துணியைத் துரத்தி ஓடினாள். செருகியபோது வெள்ளை வெளியே நின்றுவிட்டது. கடல் எடுத்த தாள்மேலேயே மலையையும் எடுத்துவிட்டாள்.

வெளியே வந்தாள். பேச்சித்தாய் வேலைக்குக் கிளம்பித் தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கடல் என்னாலதான் வந்திருக்கு."

பேச்சித்தாய் கீழே எட்டிப் பார்த்தாள். "இம்புட்டையும் நீங்களா கொண்டாந்தீங்க?"

"தெரியாமத்தான்."

"தெரிஞ்சா யாரு கொண்டாருவா." முடிச்சை இறுக்கினாள். "மீனு கெடக்குமாம்மா அதுல?"

"கெடக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப சாயந்திரம் வந்து புளி ஊறப் போடுதேன்."

கடல் போகவில்லை. ஒரு வாரம் போனது, சம்பளம் போட்டார்கள், கடல் இருந்தது. இருப்பதை என்ன செய்வது என்று எஸ்டேட் மெதுவாகக் கற்றுக்கொண்டது. கொழுந்து எடுக்கும் பெண்கள் காலையில் முழங்கால் வரை கடலில் நனைந்துவிட்டுக் காட்டுக்குள் போனால் அட்டை கடிப்பதில்லை என்று கண்டுபிடித்தார்கள். காட்டுமாடுகள் கூட்டமாக இறங்கி வந்து ஈர மணலை நக்கிவிட்டு யாரையும் முட்டாமல் திரும்பிப் போயின. மாரியம்மன் கோயில் கரகத்தை இனி ஓடையில் கரைப்பதா கடலில் கரைப்பதா என்று ஒருநாள் முழுக்கப் பேசி, அம்மனுக்கு ஓடைதான் பழக்கம், ஓடையோ கடலுக்கு அடியில்தான் இருக்கிறது, ஆகவே கடலில் கரைத்தால் ஓடையில் கரைத்ததுதான் என்று முடிவு செய்தார்கள். பஸ் கண்டக்டர் கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் "கடலெல்லாம் இறங்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டார். வனத்துறை ஒரு பலகை நட்டு, அதில் என்ன எழுதுவது என்று மேலிடத்தைக் கேட்டுவிட்டு, பதில் வராததால் பலகையை வெறுமையாக விட்டுவைத்தது. தொழிற்சாலையில் அரைத்த தேயிலையில் லேசாக உப்புக் கரித்தது, அதையும் வடக்கே யாரோ விரும்பி வாங்கினார்கள்.

ஒரு நாள் காலை ஒரு படகு வந்தது. அதிலிருந்து ராயப்பன் என்ற மீனவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுங்கியபடி நின்றார். நண்டுத்துறைக்காரர்.

"இது எந்த ஊரு?"

"கொக்குமுடி," என்றார்கள் பெண்கள்.

"மலையா?"

"மலைதான்."

"அதான் பல்லு தந்தியடிக்கி. ஏம்மா, அங்க காலைல எந்திரிச்சா நடுக்கடல்ல மலை நிக்கி. சரி, நின்னுட்டுப் போகட்டும். வலையில தேயிலையா வந்து விழுது. உங்க செடியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கப்படாதா?"

"உங்க கடலைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். "என்ன மீனு வச்சிருக்கீங்க?"

"சாளை."

"ரெண்டு கூறு போடுங்க. குரங்குக்குல்லா ஒண்ணு தாரேன், போட்டுக்கிடுங்க. மூஞ்சி நீலமாகிப் போச்சு."

அதற்குப் பிறகு ராயப்பன் வாரம் மூன்று தடவை வந்தார். குல்லாவைக் கழற்றியதே இல்லை.

வசுமதி மதுரைக்குத் திரும்பவில்லை. கடலைப் பையில் வைத்துக்கொண்டு எப்படிப் பஸ் ஏறுவது? தாளைக் கழுவிப் படமாக்கவும் துணிவு வரவில்லை. மருந்தில் போட்டால் கொக்குமுடி எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்; அதைப் பார்க்க அவள் கை துடித்தது. ஆனால் மருந்து கடலை என்ன செய்யும் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி, பேச்சித்தாயின் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். நாள் தவறாமல் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சித்தாய்க்கு வயதுக் கணக்குப்படி அந்தப் பங்குனியோடு வேலை முடிகிறது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். அவள் பிறந்ததும் அந்த லைனில்தான். அவளுக்கு வேறு ஊர் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் திருப்பூரில், தானும் பிள்ளைகளும் தையல் மிஷினும் ஒரே அறையில். இந்த மலையில் ஒவ்வொரு சாண் நிலமும் எஸ்டேட்டுடையது, எஸ்டேட் விட்டது வனத்துறையுடையது. லைன் வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்கக்கூடாது. ஆள் வேலைக்குப் போயிருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று ஜெபராஜ் தள்ளிப் பார்க்கவேண்டும். பேச்சித்தாய் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவளில்லை. "ஒரு கதவு வேணும்மா," என்று வசுமதியிடம் ஒரு தடவை சொல்லியிருந்தாள். "யாரு தட்டுனாலும் நான் தொறந்தாத்தான் உள்ள வரணும். அவ்வளவுதான்."

கடற்கரையை அளக்க எஸ்டேட் சர்வேயர் வந்தார். பன்னிரண்டாம் நம்பரின் எல்லைக் கல் தண்ணீருக்கும் மணலுக்கும் அடியில் எங்கோ போய்விட்டதால், எஸ்டேட் எங்கே முடிகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மரம் இல்லாத இடம் காடாகாது என்று வனத்துறை விலகிக்கொண்டது. இவ்வளவு உயரத்தில் கடல் இருக்க வழியில்லை, இல்லாத கடலுக்குக் கரையும் இல்லை என்று கீழே தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பதில் வந்தது. ஆகவே அந்த மலையில் முதல்தடவையாக யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு மணல் உண்டாயிற்று.

பேச்சித்தாய் அங்கே வீடு கட்டினாள். விழுந்து கிடந்த சில்வர் ஓக் மரத்துப் பலகைகள், தொழிற்சாலை கழித்த தகரம், ராயப்பன் கொண்டுவந்த பழைய படகுப் பலகை. சிகரத்துக்கு நேர் கீழே, அலை எட்டாத மேட்டில். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், வெளியே பூட்டு, இரண்டும். கதவுமேல் சுண்ணாம்பால் 1 என்று தானே எழுதினாள்.

"ஒண்ணுன்னா, ரெண்டு எங்கடி?" என்று கேலி செய்தார்கள்.

"நீங்க கட்டுனா அது ரெண்டு," என்றாள்.

பஞ்சாயத்து எழுத்தர் ஒருநாள் மீன் வாங்க வந்தவர், எண்ணைப் பார்த்துவிட்டு, எண் இருந்தால் தெருவும் இருக்கவேண்டுமே என்று யோசித்து, 'கடல் தெரு' என்று எழுதிக்கொண்டு போனார்.

வேலை முடிந்த நாளில் பேச்சித்தாய் பாத்திரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள். லைன் வீடு அடுத்த ஆளுக்கு ஒதுக்கும்வரை வசுமதி அங்கேயே இருந்தாள். பெட்டியும் அரிசிப் பானை இருந்த மூலையிலேயே இருந்தது.

சித்திரையில் கடல் மெலிந்தது.

முதலில் ராயப்பன்தான் சொன்னார், படகு எதிலோ உரசுகிறது என்று. பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் வற்றவில்லை, வெளுத்தது. பல தடவை துவைத்த சேலைவழியே பார்ப்பதுபோல, கடலின்வழியே பன்னிரண்டாம் நம்பர் தேயிலை வரிசைகள் தெரிய ஆரம்பித்தன. அலை அடிப்பது தெரிந்து, கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. சாளை மீன் குழம்பில் கரைந்து முள் மட்டும் மிஞ்சியது. வசுமதிக்குக் காரணம் தெரியும். மருந்து காணாத பிலிமில் படம் நிலைக்காது. மலையின் ஈரத்திலும் சித்திரை வெக்கையிலும் தானாகவே தேய்ந்துவிடும்.

ஒரு காலை பேச்சித்தாயின் வீட்டு வாசலில், மணலுக்குள்ளிருந்து, சிவப்புப் பெயிண்ட் அடித்த எல்லைக் கல்லின் தலை தெரிந்தது. ஜெபராஜ் வந்து அதைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

"கல்லு தெரியுது, பேச்சி."

"தெரியுதுங்கய்யா."

"கல்லு தெரிஞ்சா எஸ்டேட்டு. நான் ஒண்ணும் செய்றதுக்கில்ல." சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டு, பேச்சித்தாய் பின்வழியாக வெளியே வந்திருந்தாள். ஜெபராஜ் கொஞ்சநேரம் கதவையே பார்த்தார். "மழைக்கு முன்னாடி காலி பண்ணிரு," என்றார், முன்னைவிட மெதுவாக.

அன்று மாலை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். வசுமதி நடந்தது எல்லாவற்றையும், பெட்டி, தகடு, வெள்ளை, கறுப்பு, காற்று, துணி என்று வரிசையாகச் சொன்னாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. படக்காரம்மா வந்த வேளையில் கடலும் வந்தது, அந்த அம்மாள் கையில்தான் வந்திருக்கும் என்று அவர்கள் முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

"இப்ப மருந்துல போட்டா நின்னுருமா?" என்று கேட்டார் பால்சாமி. தொழிற்சாலையில் கொதிகலன் பார்ப்பவர்; கூட்டம் எதுவானாலும் முதல் கேள்வி அவருடையது.

"நின்னுரும்னு நெனைக்கிறேன். ஆனா தாள்ல என்ன இருக்கோ அதுதான் நிக்கும். அதுல கடல் இருக்கு, கொக்குமுடி இருக்கு. அக்கா வீடு இல்ல. அது பெறகு கட்டுனதுதானே."

"அப்ப கடல் நிக்கும், வீடு போயிரும்?"

"மருந்துல போடாட்டி ரெண்டும் போயிரும்."

"புதுத் தாள்ல எடுங்களேன், எல்லாத்தையும் சேத்து."

"எடுத்துப் பாத்தேன். புதுத் தாள்ல மூடுபனியும் தேயிலையுந்தான் வருது. கடல் அந்த ஒரு தாளுக்குள்ளதான் இருக்கு. ஆனா ஒரு வழி இருக்கு. அதே தாள்ல மூணாவது தடவையும் எடுக்கலாம். அதே பாறை, அதே இடம். அப்ப வீடும் அதுல விழுந்துரும்."

"எடுக்க வேண்டியதுதானே!"

"ஏற்கெனவே ரெண்டு வெளிச்சம் வாங்குன தாளு. மூணாவதும் வாங்குனா வெளுத்த இடமெல்லாம் எரிஞ்சுபோகும். கொக்குமுடி வெள்ளைப் பாறை. மொதல்ல போறது அதுதான்."

பேச்சித்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையே இல்லாம கொக்குமுடின்னு எப்படிச் சொல்ல?" என்றது ஒரு குரல்.

"ஏன், எங்க அத்தான் பேரு ராசா. அவரு என்னத்த ஆண்டாரு?" என்றது இன்னொன்று. சிரித்தார்கள்.

பால்சாமி எழுந்தார். "அந்த முடியில ஏறுனவன் இங்க யாரு? ஒருத்தனும் இல்ல. நெனச்சு நெனச்சுப் பாத்தவங்க படக்காரம்மா ஒருத்தங்கதான். அது அவங்க மலை. அவங்கதான் சொல்லணும்."

பேச்சித்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்காக மலையைக் கேக்க மாட்டேம்மா. அம்புட்டுப் பெரிசை நான் எங்க கொண்டு வைக்க?"

வசுமதி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அந்த நாள் முழுக்கத் தட்டைப்பாறைமேல், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, தலைகீழான மேகம். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கொக்கை அவள் இன்னும் பார்க்கவில்லை. இப்படியே மருந்தில் போட்டால் கடல்மேல் கொக்கு முழுசாக நிற்கும். அப்படி ஒரு படம் உலகத்தில் யாரிடமும் இருக்காது. சாயந்திரம் இறங்கி வந்து, "நாளைக்கு வெயில் வந்ததும் எடுத்துரலாம். அசையாம நிக்கணும், எல்லாரும்," என்றாள்.

இந்த மாதிரிப் படத்தில் லென்ஸ் வெகுநேரம் திறந்திருக்கும். வெற்றிலை மடித்து வாயில் போட்டு மென்று முடிக்கிற நேரம். அசைகிறது எதுவும் தாளில் விழாது. இதை வசுமதி விளக்கியதும் ஊரே தயாராயிற்று. கோழிகளைக் கூடையால் மூடினார்கள். ராயப்பன் படகை மணலில் ஏற்றி, அடியில் கல்லை அண்டக்கொடுத்தார். கொடியில் துணி காயப்போடக் கூடாது என்றார்கள். ஜெபராஜ் எஸ்டேட் சார்பில் மேற்பார்வைக்கு வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, ஓரமாக, ஆனால் படத்துக்குள் வருகிற ஓரமாக நின்றார். வெளுத்த கடல் முன்னால் கிடந்தது. அதன் அடியில் தேயிலை வரிசைகள் கோடு போட்டதுபோலத் தெரிந்தன. பேச்சித்தாய் தன் கதவுக்கு முன்னால், எண் 1 மறையாமல் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வசுமதி அதே மூன்று குழிகளில் கேமராவின் கால்களை ஊன்றினாள். மேகம் அன்றும் விலகியது. கொக்குமுடி வெயிலில் வெள்ளையாய், முழுசாக, கழுத்தை உள்ளிழுத்து நின்றது. அவளிடம் ஒரு கறுப்பு அட்டை உண்டு. லென்ஸுக்கு முன்னால் அதைப் பிடித்து, அதிகம் வெளிச்சம் வாங்குகிற பகுதியை மட்டும் மறைத்துக் காப்பாற்றுவார்கள். அட்டையைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். சிகரம் மறைந்தது, சிகரத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்த தகரக் கூரையும் கதவும் கூடவே மறைந்தன. கொஞ்சம் நகர்த்தினாள். கதவு வந்தது, கொக்கின் கழுத்தும் வந்தது. இரண்டையும் பிரிக்கிற இடம் அதில் இல்லை. அட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பெட்டியைச் செருகித் தகட்டை உருவினாள். கையைத் தூக்கினாள். கீழே எல்லோரும் நின்றார்கள். லென்ஸைத் திறந்தாள்.

மூடியபோது ஊர் ஒரே மூச்சாக விட்ட மூச்சு பாறைவரை கேட்டது. வசுமதி தகட்டைத் திருப்பி, கறுப்பு விளிம்பு வெளியே தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இன்னொரு தடவை தடவிப் பார்த்து, செருகினாள்.

லைன் வீட்டுச் சமையலறையின் ஜன்னலுக்குச் சாக்கு அடைத்து, கதவிடுக்கில் சேலையைத் திணித்து, குருட்டு இருட்டில் தாளை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினாள். வெளியே அலைச் சத்தம் தள்ளித் தள்ளிக் கேட்டது. ஆட்ட ஆட்ட, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. இரண்டாவது மருந்தில் போட்டபோது அலையும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

சாக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நெகடிவில் வெள்ளையெல்லாம் கறுப்பு. கடல் இருந்தது, ஒவ்வொரு மணலையும் எண்ணலாம்போல. வீடு இருந்தது. சிகரம் நிற்கவேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒரே கறுப்பு. துணி காயப்போடும் கொடியில் இரண்டு கிளிப் மாட்டிக் காயவைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தாள். வானம் இருந்தது.

கொக்குமுடி போனதை எஸ்டேட் எடுத்துக்கொண்ட விதம் கடல் வந்ததை எடுத்துக்கொண்ட மாதிரியேதான். வெயில் சீக்கிரம் வந்தது. துணி சீக்கிரம் காய்ந்தது. ஜெபராஜ் விசிலைச் சீக்கிரம் ஊதினார், அதற்குமட்டும் திட்டினார்கள். எஸ்டேட் பலகையில் வரைந்திருந்த கொக்கு அப்படியே இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து இங்கே கொக்கு அதிகம்போல என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லைக் கல் மறுபடி மணலுக்கு அடியில் போய்விட்டது. மழை வந்தது, கடலில் பெய்தது. கடல் தெருவில் இரண்டு, மூன்று, நான்கு என்று கதவுகள் எழுந்தன.

ஒரு விஷயம் மட்டும் புதிது. அன்று அசையாமல் நின்றவர்கள் எல்லோரும், தினமும் அதே நேரம் வந்ததும், வெற்றிலை மென்று முடிக்கிற நேரம், இருந்த இடத்தில் இருந்தபடியே நின்றுவிடுவார்கள். கொழுந்துக்கு நீட்டிய கை நீட்டியபடி. விசில் வாயில் வைத்தபடி. நண்டுத்துறையில் இருந்தாலும் ராயப்பன் துடுப்போடு நிற்பாராம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தொழிற்சாலை நிர்வாகம் அதைத் தேநீர் இடைவேளையில் சேர்த்துக்கொண்டது.

அடுத்த தையில் வசுமதி வந்தாள். கேமரா கொண்டுவரவில்லை. பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிய படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பேச்சித்தாய் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஜெபராஜ் ஐயா பாருங்க, கல்யாண மாப்பிள்ள கணக்கா. ராயப்பண்ணன் குல்லா. ஏம்மா, நான் எங்க?"

கதவுக்குப் பக்கத்தில், அவள் நின்ற இடத்தில், ஊதிவிட்ட ஆவிபோல லேசான ஒரு கலங்கல்.

"நீங்க அசைஞ்சிருக்கீங்க அக்கா."

"அசைஞ்சேன்தான். அடுப்புல மீனு வச்சிருந்தேன். தீயைத் தணிக்க உள்ள போயிட்டேன். நீங்க பாத்தா வைவீங்களேன்னு சொல்லல." படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "வீடு நல்லா விழுந்திருக்கில்ல? நம்பர்கூடத் தெரியுது."

"வீடு நிக்கும். உங்களைத்தான் பிடிக்க முடியல."

"அதுபோதும்மா. வீடுதான் நிக்கணும். நான் போக வர இருக்க ஆளுதானே."

வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். லேசாக உப்புக் கரித்தது. அந்த நேரம் வந்தது. கரையெல்லாம் நின்றது: வலையை உதறிய கைகள் உதறியபடி, தெருவில் நடந்த பால்சாமி ஒரு காலைத் தூக்கியபடி, ஏதோ விசாரிக்க வந்த ஜெபராஜ், வாசலிலேயே ஆள் இருந்தும், முறைப்படி இந்தக் கதவைத் தட்டத் தூக்கிய கையோடு. அசைந்தவர்கள் இரண்டே பேர், கேமராவுக்குப் பின்னால் நின்றவளும் மீனைப் பார்க்கப் போனவளும். வசுமதி கிழக்கே, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் அவள் கையிலிருந்த காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சரிம்மா, நீங்க இருந்து பாத்துட்டு வாங்க. எனக்குக் கண்ணைச் சொக்குது, கொஞ்சம் படுக்கணும்."

தூக்கிய கையோடு நின்ற ஜெபராஜைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.